கையெழுத்துக்குப் பொறுப்பேற்கும் தொழில்: வாசகர் கேள்வி – பதில்

சென்ற இதழில், பொறியியல் படித்த நம் பிள்ளைகளுக்குத் தென்னாப்பிரிக்காவில் உள்ள வேலைவாய்ப்புகளைப் பற்றி எழுதியபோது, பாதுகாப்புத் தளவாட நிறுவனங்களை ஒரே வரியில் குறிப்பிட்டிருந்தேன். அந்த ஒரு வரியைப் பற்றிக் கேட்டு வந்த கடிதங்களே இம்முறை மிகுதி. ஆகவே இப்பகுதி முழுவதையும் அதற்கே ஒதுக்குகிறேன்.

கேள்வி: என் மகன் டர்பன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் இயந்திரப் பொறியியல் முடித்தவன். பிரிட்டோரியாவுக்கு அருகில் கவச வாகனங்கள் செய்யும் ஒரு நிறுவனம், ஒப்பந்தப் பிரிவில் சேரும்படி அவனை அழைத்திருக்கிறது. பதினைந்து ஆண்டுகளில் நிர்வாக இயக்குநராகிவிடலாம் என்கிறான். எங்கள் குடும்பத்துக்குக் கரும்புத் தோட்டம் தெரியும், துணி ஆலை தெரியும். இந்தத் தொழில் தெரியாது. இதில் ஒருவர் எப்படி மேலே வருகிறார்? வந்தபின் உண்மையில் என்ன வேலை பார்க்கிறார்? – ஒரு தந்தை, சாட்ஸ்வொர்த்

பதில்: ஐயா, நம் மூத்த தலைமுறைக்கு இந்தத் தொழில் அந்நியமாக இருப்பதில் வியப்பில்லை. ஆயுத உற்பத்திக்கென்று 1968-ல் அரசு தொடங்கிய ஆர்ம்ஸ்கோர், ஐக்கிய நாடுகள் பாதுகாப்பு அவை 1977 நவம்பரில் கட்டாய ஆயுதத் தடையை விதித்தபின் நாட்டின் மிகப் பெரிய தொழில் அமைப்புகளுள் ஒன்றாக வளர்ந்தது. ஆனால் அதன் வடிவமைப்புக் கூடங்களின் கதவு நம்மவர்களுக்கு எளிதில் திறக்கவில்லை. டர்பன் துறைமுகத்துச் சால்ஸ்பரி தீவை உங்கள் வயதினர் அறிவீர்கள். பழைய கடற்படைக் கொட்டடிகளில்தான் 1961-ல் இந்தியர்களுக்கான பல்கலைக்கழகக் கல்லூரியை நடத்தினார்கள். கல்லூரி வெஸ்ட்வில்லுக்குப் போனபின், 1970-களின் நடுவில், அதே தீவில் இந்திய இளைஞர்களுக்குக் கடற்படைப் பயிற்சி அளிக்கும் ஜலசேனா என்ற தளம் வந்தது. இனவொதுக்கல் அரசின் சீருடையை நம் பிள்ளை அணிவதா என்ற கேள்வி பல வீடுகளில் எழுந்த காலம் அது. அந்தத் தயக்கம் முழுவதும் மறைந்துவிட்டதாக நான் நினைக்கவில்லை. அது மறைய வேண்டும் என்றும் சொல்லமாட்டேன்.

உங்கள் மகன் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது 1992-ல் நடந்த பிரிவினையை. அந்த ஆண்டில் ஆர்ம்ஸ்கோரின் தொழிற்சாலைகள் பிரிக்கப்பட்டு டெனெல் என்ற தனி அரசு நிறுவனமாயின. அன்றுமுதல் படைகளுக்காக வாங்குவது ஆர்ம்ஸ்கோர். செய்து விற்பவை டெனெலும் தனியார் நிறுவனங்களும். இத்துறையின் மேலதிகாரி ஒருவருடைய வாழ்நாள் முழுவதும், வாங்குபவருக்கும் விற்பவருக்கும் நடுவே உள்ள அந்த மேசையைச் சுற்றியே கழிகிறது. மேசையின் எந்தப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறோம் என்பதை ஒருநாளும் மறக்காதவர்தான் இதில் நிலைக்கிறார்.

அந்த மேசையில் இருப்பது ஆயுதம் அல்ல, ஒப்பந்தம். எடுத்துக்காட்டாக ஒன்றைச் சொல்கிறேன். கவச வண்டி ஒன்றுக்கு வேண்டிய பற்சக்கரப் பெட்டி ஜெர்மனியிலிருந்து வரவேண்டும். அந்நாட்டு ஏற்றுமதி உரிமம் தாமதமாகிறது என்று ஒரு திங்கட்கிழமை காலையில் மின்னஞ்சல் வருகிறது. பொறியாளர் அதைப் படித்துவிட்டு, ‘ஆறு வாரத்தில் சரியாகிவிடும்’ என்கிறார். ஒப்பந்த அதிகாரி செய்ய வேண்டியது வேறு. தாமதத்துக்கான காரணம் தெரிந்த நாளிலிருந்து இத்தனை நாளுக்குள் வாங்குபவருக்கு எழுத்துமூலம் அறிவிக்க வேண்டும் என்று ஒப்பந்தத்தில் எங்கோ ஒரு பிரிவு இருக்கும். அந்தக் கெடு தப்பினால், தாமதம் நம் தவறே இல்லையென்றாலும், கால நீட்டிப்புக் கேட்கும் உரிமை போய்விடும். அதன்பின் வாரத்துக்கு வாரம் அபராதம் ஏறும். அப்போது வாதாடுவது தும்பை விட்டு வாலைப் பிடிக்கும் வேலை. இருநூறு பக்க ஒப்பந்தத்தைக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு படித்து, அந்த அறிவிப்பை அன்று மாலையே அனுப்புகிறவன் நிறுவனத்துக்குப் பெரும்பணத்தைக் காப்பாற்றுகிறான். மேலே இருப்பவர்கள் அவனைக் கவனிக்கத் தொடங்குவது அப்படித்தான். ஆகவே ஒப்பந்தப் பிரிவில் சேர அழைத்திருப்பதை இறக்கமாக எண்ண வேண்டாம் என்று மகனிடம் சொல்லுங்கள். ஆனால் முதல் சில ஆண்டுகள் தொழிற்சாலைத் தளத்தையும் அவன் விடக்கூடாது. வண்டி எப்படிச் செய்யப்படுகிறது என்று தெரியாமல், அதை எப்போது தரமுடியும் என்று எழுதிக் கொடுப்பவர்களால்தான் இத்துறையில் பெருஞ்சேதங்கள் நேர்கின்றன.

நம் நாட்டிலேயே சான்று இருக்கிறது. 1976-ல் படையில் சேர்ந்த ராட்டல் கவச வண்டிகளுக்குப் பதிலாக பாட்ஜர் என்ற புதிய வண்டியைத் தருவதற்காக, ஹூஃபிஸ்டர் என்ற திட்டம் 2007-ல் டெனெலுக்கு வழங்கப்பட்டது. ஃபின்லாந்தின் பாட்ரியா நிறுவனத்தின் வண்டியை அடிப்படையாகக் கொண்டு அதன்மேல் நம் நாட்டில் செய்த பீரங்கிக் கோபுரத்தைப் பொருத்துவது திட்டம். பத்தாண்டுக்கு மேல் கடந்தும், கோடிக்கணக்கான ரேண்ட் கொடுக்கப்பட்டும், காலாட்படை அந்தப் பழைய ராட்டலிலேயே போய்க்கொண்டிருந்தது. தொழில்நுட்பம் ஒருபுறம் இருக்க, இயலாத காலக்கெடுவுக்கு ஒப்புக்கொண்டதும், இடையில் நிறுவனத்தின் நிதி வற்றியதும் இந்த நிலைக்குக் காரணங்கள்.

உயர்வது எப்படி என்று கேட்டீர்கள். அமெரிக்காவின் நார்மன் ஆகஸ்டினுடைய பாதையைச் சொல்கிறேன்; இத்துறையின் இயல்பு அதில் முழுமையாகத் தெரியும். பிரின்ஸ்டனில் வானூர்திப் பொறியியல் படித்தவர், 1958-ல் டக்ளஸ் விமான நிறுவனத்தில் சேர்ந்தார். 1965-ல் அமெரிக்கப் பாதுகாப்புத் துறைத் தலைமையகமான பென்டகனுக்குப் போனார். 1970-ல் மறுபடி தனியார் நிறுவனம். 1973-ல் மறுபடி அரசு, தரைப்படைத் துறையில் உயர்பதவி. 1977-ல் மார்ட்டின் மாரியெட்டா என்ற தளவாட நிறுவனத்தில் சேர்ந்து, 1987-ல் அதன் தலைமைச் செயல் அதிகாரியானார். பனிப்போர் முடிந்தபின் 1993-ல் பென்டகன் ஒரு விருந்துக்கு நிறுவனத் தலைவர்களை அழைத்து, இனி இத்தனை நிறுவனங்களுக்கு வேலை இருக்காது என்று வெளிப்படையாகச் சொன்னது. அந்த விருந்தில் அவரும் இருந்தார். இரண்டே ஆண்டில், 1995-ல், அவருடைய நிறுவனமும் லாக்ஹீடும் இணைந்து லாக்ஹீட் மார்ட்டின் ஆயின. அதன் தலைமையில் இருந்து 1997-ல் ஓய்வு பெற்றார். முதல் வேலையிலிருந்து தலைமைப் பதவிக்கு ஏறத்தாழ முப்பது ஆண்டுகள். பதினைந்து ஆண்டுகளில் என்பது உங்கள் மகனின் ஆர்வம். ஆர்வம் இருக்கட்டும்; நாட்காட்டியை மட்டும் சற்றுத் தள்ளி வைக்கச் சொல்லுங்கள்.

கேள்வி: இத்துறையில் சம்பளம் அதிகம், அரசு இருக்கிறவரை வேலைக்கும் ஆபத்தில்லை என்கிறார்களே, உண்மையா? – வாசகர், ஃபீனிக்ஸ்

பதில்: இரண்டையும் அப்படியே நம்ப வேண்டாம். 2020-ல் டெனெலால் ஊழியர்களுக்கு முழுச் சம்பளம் கொடுக்க முடியவில்லை. தொழிற்சங்கங்கள் தொழிலாளர் நீதிமன்றத்துக்குப் போயின. ஏவுகணை வடிவமைத்த தேர்ந்த பொறியாளர்கள் வளைகுடா நாடுகளுக்குப் போய்விட்டார்கள். 2022-ல் அரசு 340 கோடி ரேண்ட் கொடுத்துத் தூக்கி நிறுத்தியது. தென்னாப்பிரிக்காவின் பாதுகாப்புச் செலவு நாட்டின் மொத்த உற்பத்தியில் ஒரு விழுக்காட்டுக்கும் குறைவு. ஆகவே இங்குள்ள நிறுவனங்கள் ஏற்றுமதியை நம்பியே வாழ்கின்றன. ஏற்றுமதி நின்றால் சம்பளமும் ஆட்டம் காணும். ஜெர்மானிய நிறுவனமான ரைன்மெட்டால் 51 விழுக்காடு பங்கு வைத்திருக்கும் வெடிபொருள் கூட்டு நிறுவனம் நன்றாக நடக்கிறது. ஆனால் சம்பளத்தைப் பற்றிக் கேட்பவர்கள் அதன் சாமர்செட் வெஸ்ட் ஆலையில் 2018 செப்டம்பர் 3-ஆம் தேதி நடந்த வெடிவிபத்தில் எட்டுத் தொழிலாளர்கள் இறந்ததையும் நினைவில் வைக்க வேண்டும். இத்துறையில் மேலதிகாரியின் பொறுப்பு கணக்குப் புத்தகத்தோடு முடிவதில்லை.

கேள்வி: ஷாபிர் ஷேக் வழக்குக்குப் பிறகு, டர்பன் இந்தியர் ஒருவர் ஆயுத நிறுவனத்தில் வேலை பார்க்கிறார் என்றாலே மற்றவர்கள் ஒரு மாதிரியாகப் பார்க்கிறார்கள். லஞ்சம் இல்லாமல் இந்தத் தொழிலில் ஒருவர் உயரவே முடியாதா? – ஆசிரியை, பீட்டர்மரிட்ஸ்பர்க்

பதில்: உயர முடியும் அம்மா. ஆனால் லஞ்சம் எந்த உருவில் வரும் என்று தெரியாதவரால் முடியாது. அதனால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

1999 டிசம்பரில் தென்னாப்பிரிக்கா ஏறத்தாழ 3,000 கோடி ரேண்டுக்குப் போர்க்கப்பல்கள், நீர்மூழ்கிகள், கிரிப்பன், ஹாக் விமானங்கள், ஹெலிகாப்டர்கள் ஆகியவற்றை வாங்க ஒப்பந்தமிட்டது. அதற்கு ஈடாக விற்பனையாளர்கள் 11,000 கோடி ரேண்டு அளவுக்கு முதலீடும் வணிகமும் கொண்டுவருவார்கள், 65,000 வேலைகள் பிறக்கும் என்று மக்களிடம் சொல்லப்பட்டது. இந்த ஈட்டு முதலீட்டு வாக்குறுதிகள்தான் ஆயுத வணிகத்தில் எல்லாரும் எச்சரிக்கையாக இருக்க வேண்டிய இடம். கப்பலின் விலையை ஒப்பிட்டுப் பார்க்கலாம். ‘உள்ளூர்ப் பங்காளி’, ‘ஆலோசகர்’ என்ற பெயரில் போகும் பணம் எந்த வேலைக்காகப் போனது என்று ஒப்பிட்டுப் பார்க்க வழியில்லை.

டர்பன் வணிகரான ஷாபிர் ஷேக்கின் நிறுவனம், கப்பல்களின் போர்முறை மின்னணுக் கருவிகளை வழங்கிய பிரெஞ்சு நிறுவனத்தின் உள்ளூர்ப் பங்காளி. பாதுகாப்புத் துறையில் கொள்முதல் பிரிவின் தலைவர் அவருடைய உடன்பிறந்தவர். முடிவெடுக்கும் கூட்டங்களிலிருந்து அவர் முறையாக விலகவில்லை என்று 2001-ன் கூட்டு விசாரணை அறிக்கையே குறை கண்டது. டர்பன் உயர் நீதிமன்றத்தில் நீதிபதி ஹிலரி ஸ்கொயர்ஸ் 2005 ஜூன் 2-ஆம் தேதி இரண்டு ஊழல் குற்றங்களும் ஒரு மோசடிக் குற்றமும் நிரூபணமானதாகத் தீர்ப்பளித்தார். அடுத்த வாரம் பதினைந்து ஆண்டுச் சிறைத்தண்டனை. மேல்முறையீட்டிலும் அது நிலைத்தது. ஷேக்கிடம் பணம் பெற்றவராக அந்த வழக்கில் குறிப்பிடப்பட்ட அன்றைய துணைக் குடியரசுத் தலைவர் ஜேக்கப் ஜூமா அதே மாதம் பதவியிலிருந்து நீக்கப்பட்டார். தம்மீதான குற்றச்சாட்டுகளை அவர் தொடர்ந்து மறுத்து வருகிறார்.

அந்த வழக்கில் என் மனத்தில் நின்றது ஒரு தாள். பிரெஞ்சு நிறுவனத்தின் தென்னாப்பிரிக்கத் தலைவர் தம் கையால் எழுதி, சங்கேதத் தொலைநகலாக அனுப்பச் சொல்லித் தம் செயலாளரிடம் கொடுத்த குறிப்பு அது. ஜூமாவுக்கு ஆண்டுக்கு ஐந்து லட்சம் ரேண்ட் கொடுப்பது பற்றியது. அதைத் தட்டச்சு செய்த அந்தப் பெண்மணி பின்னால் நீதிமன்றத்தில் வந்து சாட்சி சொன்னார். அந்த அலுவலகத்தில் பதவியில் மிகக் கீழே இருந்தவர்களில் அவரும் ஒருவர். இத்துறையில் வேலைக்குப் போகும் ஒவ்வோர் இளைஞனும் இளம்பெண்ணும் அவரைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று விரும்புகிறேன்.

லஞ்சம் பணமாகவே வரவேண்டும் என்பதும் இல்லை. அமெரிக்க வான்படையின் கொள்முதலில் உயர்பதவியில் இருந்த டார்லீன் ட்ரூயன், நடுவானில் எரிபொருள் நிரப்பும் 100 விமானங்களுக்காகப் போயிங்குடன் அரசுத் தரப்பில் பேச்சு நடத்திக்கொண்டிருந்தபோதே, அந்நிறுவனத்தில் தமக்கு ஒரு வேலைக்கும் பேசினார். அங்கு வேலை பார்த்த அவருடைய மகள்தான் தூது. 2004-ல் அவருக்கு ஒன்பது மாதச் சிறை. போயிங்கின் நிதித் தலைவருக்கு நான்கு மாதம். தலைமைச் செயல் அதிகாரி அதற்கு முன்பே பதவி விலகியிருந்தார். ஆகஸ்டினைப்போல அரசிலிருந்து நிறுவனத்துக்கும் நிறுவனத்திலிருந்து அரசுக்கும் மாறிமாறிப் போவது சட்டத்துக்கு உட்பட்டதுதான். ஒரு கையால் விலை பேசிக்கொண்டே மறு கையால் விண்ணப்பம் எழுதுவதே குற்றம். பிள்ளைகளுக்கு வேலை வாங்கிக் கொடுப்பதைக் கடமையாகவே நினைக்கும் நம் சமூகம் இந்த வழக்கைக் கூர்ந்து படிக்க வேண்டும்.

நம் நாட்டுச் சட்டத்தில் 2004-ன் ஊழல் தடுப்புச் சட்டம், 34-ஆம் பிரிவு, மேலதிகாரிகளுக்கு ஒரு தனிப் பொறுப்பைச் சுமத்துகிறது. ஒரு லட்சம் ரேண்டுக்கு மேற்பட்ட ஊழலையோ மோசடியையோ அறிந்தவர், அறிந்திருக்க வேண்டியவர், அல்லது சந்தேகித்தவர் காவல்துறையிடம் சொல்லியே தீரவேண்டும், சொல்லாதிருப்பதே குற்றம். ‘எனக்குத் தெரியாது’ என்பது அங்கே செல்லாது. தெரிந்திருக்க வேண்டுமே என்று கேட்பார்கள். 2024 ஏப்ரல் முதல், ஊழலைத் தடுக்கப் போதிய ஏற்பாடு செய்யாத நிறுவனமும் குற்றவாளியாகலாம். ஆகவே நேர்மையாக உயர நினைப்பவர், ஆலோசகர் ஒப்பந்தம் எதுவும் கையெழுத்துக்கு வரும்போது, இவர் செய்த வேலை என்ன, அதற்கான அறிக்கை எங்கே, பணம் எந்த நாட்டு வங்கிக்குப் போகிறது என்ற கேள்விகளை எழுத்தில் கேட்க வேண்டும். வாய்மொழிப் பதிலை ஏற்கக்கூடாது. இதனால் ஓரிரு பதவி உயர்வு தள்ளிப்போகும். தள்ளிப்போகட்டும்.

இதைச் சொல்லும்போது ஆபத்தை மறைப்பது நேர்மையாகாது. காவுட்டெங் சுகாதாரத் துறையில் முறைகேடுகளை வெளிப்படுத்திய பபிதா தேவ்கரண் 2021 ஆகஸ்டில் தம் வீட்டு வாசலிலேயே சுட்டுக் கொல்லப்பட்டார். தகவல் வெளியிடுவோரைப் பாதுகாக்கும் சட்டம் 2000-லிருந்தே இருக்கிறது; அது அவரைக் காக்கவில்லை. எனவே உங்கள் பிள்ளை இப்படி ஒரு நிலையில் சிக்கினால், தனியாக மோதாமல் முதலில் ஒரு வழக்கறிஞரைப் பார்க்கட்டும். தாள்களின் நகல் வழக்கறிஞரிடம் இருக்கட்டும்.

கேள்வி: கோயிலுக்குப் போய் விளக்கேற்றும் குடும்பம் எங்களுடையது. பேரன் துப்பாக்கித் தோட்டா செய்யும் இடத்தில் அதிகாரியாகப் போகிறான் என்றால் மனம் ஒப்பவில்லை. இது பாவம் இல்லையா? – ஒரு பாட்டி, மெரிபேங்க்

பதில்: அம்மா, பாவமா இல்லையா என்று தீர்ப்புச் சொல்லும் தகுதி எனக்கில்லை. உங்கள் மனம் ஒப்பாததைப் பேரன் கட்டாயம் காதில் வாங்க வேண்டும் என்பதை மட்டும் உறுதியாகச் சொல்வேன்.

2008 ஏப்ரலில் நம் டர்பன் துறைமுகத்துக்கு வெளியே அன் யூ ஜியாங் என்ற சீனக் கப்பல் வந்து நின்றது நினைவிருக்கும். ஜிம்பாப்வேயில் தேர்தல் முடிவை வெளியிடாமல் அரசு இழுத்தடித்துக்கொண்டிருந்த நேரம். கப்பலில் அந்நாட்டுக்கான முப்பது லட்சம் தோட்டாக்களும் 1,500 ராக்கெட் குண்டுகளும் இருந்தன. நம் நாட்டு ஆயுதக் கட்டுப்பாட்டுக் குழு அவை நம் மண் வழியாகப் போக அனுமதி கொடுத்திருந்தது. தாள்களில் குறை இல்லை. துறைமுகத் தொழிலாளர்கள் சரக்கை இறக்க மறுத்தார்கள். நட்டாலின் ஆங்கிலிக்கன் பேராயர் ரூபின் பிலிப்பும் இன்னொருவரும் டர்பன் உயர் நீதிமன்றத்துக்குப் போய்த் தடையாணை வாங்கினார்கள். கப்பல் இறக்காமலே திரும்பியது. உரிமம் இருக்கிறது என்பதும் சரியானது என்பதும் ஒன்றல்ல என்று இந்த ஊர்க்காரர்களே காட்டினார்கள்.

மறுபக்கமும் உண்டு. கண்ணிவெடியைத் தாங்குவதற்காக அடிப்பகுதியைக் கூர்முனையாய்ச் சரித்துச் செய்யப்பட்ட காஸ்பிர் வண்டி இந்நாட்டில் பிறந்தது. 1980-களில் அது நகர்ப்புறக் குடியிருப்புகளுக்குள் காவலர்களோடு நுழைந்த காட்சியைப் பார்த்தவர்கள் அதை மன்னிக்கமாட்டார்கள். அதே அடித்தள அமைப்பைப் பின்பற்றிப் பின்னாளில் செய்யப்பட்ட வண்டிகள் ஈராக்கில் எத்தனையோ வீரர்களின் உயிரைக் காத்தன, ஐ.நா. அமைதிப் படைகளும் இத்தகைய வண்டிகளில் போகின்றன. ஒரே இரும்பு, யார் கையில் என்பதுதான் வேறுபாடு. யார் கைக்குப் போகிறது என்று கேட்க 2002-ன் ஆயுதக் கட்டுப்பாட்டுச் சட்டம் வழி வைத்திருக்கிறது: வாங்கும் நாட்டின் மனித உரிமை நிலையைக் குழு பார்க்க வேண்டும், வேறு யாருக்கும் கைமாற்றமாட்டோம் என்ற இறுதிப் பயனாளர் சான்றிதழ் வேண்டும். அந்தச் சான்றிதழைச் சடங்காக நினைத்துக் கையெழுத்திடும் அதிகாரியாக உங்கள் பேரன் ஆகக்கூடாது. சந்தேகம் வந்தால் ‘இந்த விற்பனை வேண்டாம்’ என்று சொல்லும் துணிவு அவனுக்கு உண்டா என்பதை வளர்த்த நீங்களே என்னைவிட நன்றாக அறிவீர்கள். இல்லை என்று தோன்றினால் தடுத்துவிடுங்கள்.

கேள்வி: என் மகள் கணக்கியல் படிக்கிறாள். ஆண்களே நிறைந்த இத்துறையில் பெண்ணுக்கு இடம் உண்டா? – தாய், டோங்காட்

பதில்: உண்டு. மெரிலின் ஹியூசன் ஒன்பது வயதில் தந்தையை இழந்தவர். ஐந்து பிள்ளைகளைத் தாய் ஒருவரே வளர்த்தார். 1983-ல் மாரியெட்டா நகரில் உள்ள லாக்ஹீட் ஆலையில் தொழிற்பொறியாளராகச் சேர்ந்து, 2013 ஜனவரியில் லாக்ஹீட் மார்ட்டினின் தலைமைச் செயல் அதிகாரியாகி, 2020 வரை இருந்தார். கணக்கியல் இத்துறையில் குறைந்த படிப்பும் அல்ல. ஆகும் செலவோடு லாபமும் சேர்த்துத் தரும் ஒப்பந்தம் வேறு, விலையை முன்பே நிலையாகக் கட்டிவிடும் ஒப்பந்தம் வேறு. 2011-ல் நிலைவிலைக்கு ஒப்புக்கொண்ட, நடுவானில் எரிபொருள் நிரப்பும் விமானத் திட்டத்தில் போயிங் 700 கோடி டாலருக்கு மேல் இழந்தது. அந்த இழப்பை முன்கூட்டியே கண்டு சொல்லக்கூடியவர் ஒரு நல்ல கணக்காளர். மகளைச் செலவுக் கணக்கியலில் கூடுதல் கவனம் செலுத்தச் சொல்லுங்கள். இந்தியர்களையும் உள்ளடக்கிய கறுப்பினப் பொருளாதார மேம்பாட்டு விதிகளின்கீழ், பாதுகாப்புத் துறைக்கெனத் தனி நெறிமுறையே 2018-ல் வந்துவிட்டது. அது கதவைத் திறக்க உதவும். உள்ளே போனபின் பேசுவது வேலைதான்.

கேள்வி: சேருவதற்குமுன் எதை விசாரிக்க வேண்டும்? – மாணவர், வெஸ்ட்வில்

பதில்: நிறுவனத்தின் கடந்த சில ஆண்டுக் கணக்கறிக்கைகளைப் படியுங்கள், மொத்த வருமானத்தில் ஒரே வாடிக்கையாளரின் பங்கு எவ்வளவு என்று பாருங்கள். ஏற்றுமதி உரிமங்களை யார் கவனிக்கிறார், சட்டப் பிரிவு யாருக்குக் கீழே இருக்கிறது என்று நேர்காணலிலேயே கேளுங்கள். விற்பனைத் தலைவருக்குக் கீழே என்றால் யோசியுங்கள். பாதுகாப்புச் சரிபார்ப்பு நடக்கும். கடன், வெளிநாட்டுத் தொடர்பு, பழைய வழக்கு எதையும் படிவத்தில் மறைக்காதீர்கள். உண்மையைவிட மறைத்ததே பெரிய தடையாகும். வாட்டர்க்ளூஃப் விமானத் தளத்தில் இரண்டாண்டுக்கு ஒருமுறை செப்டம்பரில் ஆப்பிரிக்க விமான, பாதுகாப்புக் கண்காட்சி நடைபெறும். வணிக நாள்களில் நுழைய முடிந்தால், விமான சாகசங்களைப் பார்ப்பதைவிட, அரங்குகளில் நிற்கும் ஒப்பந்த அதிகாரிகளிடம் பேசுங்கள்.